சேதுக் கடலில் ஒரு சொம்புக் கிணற்றுத் தண்ணீர்

நாங்கள் சைவம். என் பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் மீன் அடுப்பேறியதில்லை. அப்படிப்பட்ட எங்கள் வீட்டு முன்னறையில் ஏழெட்டு வருஷம் கடல் மீன் வளர்ந்தது என்று சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை. அதுவும் அரியலூரில். தோண்டினால் சுண்ணாம்புக் கல்லும் நிமிர்ந்தால் வெயிலும் இருக்கிற ஊரில், ரயில்வே குவார்ட்டர்ஸில்.

வளர்ந்தது மட்டுமில்லை. இரண்டு மீன் சண்டையில்லாமல் சேர்ந்து வளர்ந்தது. அந்த இரண்டாவது மீனைத் தேர்ந்தெடுத்தவள் நான். ஏழாம் வகுப்போடு நின்றவள். பெருமைக்காகத்தான் இதை எழுதுகிறேன், அதில் மறைக்க ஒன்றுமில்லை.

எழுபத்தெட்டோ ஒன்பதோ இருக்கும். என் வீட்டுக்காரர் அரியலூர் ஸ்டேஷனில் வண்டிக்குத் தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன். அங்கே இருந்த ஸ்டேஷன் மாஸ்டர் அதற்கு முன் மண்டபத்தில் வேலை பார்த்தவர். அங்கே பிடித்த பழக்கம், வீட்டில் கடல் தண்ணீர்த் தொட்டி வைத்திருந்தார். இரண்டரை முழ நீளம் இருக்கும். அடியில் கடல் மணல், சில கல், ஒரு காற்று மோட்டார், உள்ளே ஒரே ஒரு மீன். வடக்கே மாற்றல் வந்தபோது தொட்டியைத் தூக்கிக்கொண்டு போக முடியாது என்று இவரைக் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டார்.

"நீதான் பொறுமைசாலி, வச்சுக்க. ஆனா இத ஒண்டியா விட்டுடாத. முன்ன ஜோடியா இருந்துச்சு. ஒண்ணு போனதுலேர்ந்து இது சரியா இல்ல" என்றாராம்.

நாலு பேர் சேர்ந்து தொட்டியைக் கொண்டுவந்து முன்னறை மேசையில் வைத்தார்கள். நான் சமையல்கட்டு வாசலிலேயே நின்றுவிட்டேன். மீனைத் தின்கிற வீடு என்றால் ஒரு கணக்கு, இங்கே எதற்கு என்று தோன்றியது. கிட்டப் போய்ப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்ற உடம்பு, அதில் மூன்று கறுப்புப் பட்டை. உள்ளங்கை அகலம்கூட இல்லை. கண்ணாடி அருகே வந்து என்னை நேருக்கு நேர் பார்த்தது. நெற்றியில் மூன்று பட்டையோடு ஒரு ஆள் வந்து வாசலில் நின்றால் போ என்று சொல்ல முடியுமா? அன்றைக்கே அதற்குப் பட்டைச்சாமி என்று பெயர் வைத்துவிட்டேன்.

தண்ணீருக்கு வழி இருந்தது. மண்டபம் ஸ்டேஷனில் இவருக்குத் தெரிந்த போர்ட்டர் ஒருவர் உண்டு. ராமேஸ்வரத்திலிருந்து மெட்ராஸ் போகும் வண்டியில், கார்டு பெட்டியில், மாதத்துக்கு இரண்டு பிளாஸ்டிக் கேன் கடல் தண்ணீர் ஏற்றி அனுப்புவார். அது சேதுக் கடல் தண்ணீர் இல்லையா? கேன் வீட்டுக்கு வந்ததும் முதல் சொம்பு பூஜை அலமாரிக்குப் போகும். அமாவாசையன்று வரிசை வீடுகளிலிருந்து கிண்ணத்தோடு வந்து ஒரு கரண்டி வாங்கிப்போய் வீட்டில் தெளிப்பார்கள். மிச்சத்தைத் தொட்டியில் குறைந்திருக்கிற அளவுக்கு ஊற்றி நிரப்புவோம். வெயில் காலத்தில் வாரத்துக்கு நாலு விரல் குறைந்துவிடும். நான் கண்டிப்பாக இருந்தேன்: தீர்த்தம் குறைந்தால் தீர்த்தம்தான் ஊற்ற வேண்டும், கிணற்றுத் தண்ணீர் ஒரு சொட்டு அதில் கலக்கக் கூடாது.

இந்தக் கண்டிப்பை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக்கு அடுத்த வீட்டு அக்கா. அவர் வீட்டுக்காரர் தண்டவாளம் போடுகிற கேங்குக்கு மேஸ்திரி. அக்காவுக்கு அரும்பாவூர்ப் பக்கம், ஐந்து பிள்ளை பெற்றவர், வாய் மட்டும் சாணை பிடித்த கத்தி. அவர்தான் காய்ந்த கூனி இறாலை இடித்து, கூனிப்பொடியாக டப்பாவில் கொடுப்பார். அந்த டப்பா எங்கள் வீட்டுக்குள் வராது. வாசல் நிலைக்கு வெளியே ஒரு ஆணியில் தொங்கும். இவர் அதிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துத் தொட்டியில் போட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டுதான் சமையல்கட்டுப் பக்கம் வருவார். கீரையை வேகவைத்து நசுக்கி நான் என் கையால் போடுவேன். அதையும் அது தின்னும்.

"ஏன் தங்கச்சி, கறி மீனு தொடாத வூட்ல மீனுக்கு வெஞ்சனம் நான்ல ஆக்கிப் போடறேன்" என்று அக்கா குழாயடியில் சிரிப்பார். "கூலியா ஒரு நாளைக்கி அந்தப் பட்டைக்காரன எனக்குக் குடுத்துரு, கொழம்பு வச்சு உனக்கும் ஒரு கிண்ணம் தரேன்."

"சாமி பேரு வச்ச மீனுங்கக்கா. பாவம் புடிக்கும்" என்பேன்.

"அப்ப பாவம் எனக்கு, கொழம்பு எனக்கு."

அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது, ஜோடி தேடுகிற வரைக்கும்.

ஆடி மாதத்தில் மண்டபத்துப் போர்ட்டர் தண்ணீர்க் கேனிலேயே முதல் மீனை அனுப்பினார். செம்மஞ்சள் உடம்பில் வெள்ளைப் பட்டை. பார்க்க அவ்வளவு லட்சணம். கேனிலிருந்து நேராகத் தொட்டியில் விட்டோம். பட்டைச்சாமி அம்பு மாதிரி பாய்ந்து முட்டியது. புதுசு மூலைக்கு ஓடும், இது விரட்டும். ஓடவும் அதற்குத் தெம்பில்லை. நாலாம் நாள் வால் கிழிந்து, மணலில் சாய்ந்து கிடந்தது. இவர் அதை வாழையிலையில் எடுத்துப்போய் வேலியோரம் புதைத்துவிட்டு வந்து தலைக்குக் குளித்தார்.

ஐப்பசியில் இரண்டாவது. நீல நிறம். சின்னது, சாது. இந்த முறை பட்டைச்சாமிக்கு மூன்று நாள் வயிறு நிறையத் தீனி கொடுத்த பிறகுதான் புதுசை விட்டோம். அது ஒரு முட்டுகூட முட்டவில்லை. ஆனால் அந்த நீல மீன் இரண்டே நாளில் செத்துப்போனது. கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உடம்பில் ஒரு கீறல் இல்லை. எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. அடிபடாமலேயே ஏன் போனது?

மறுநாள் குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். அக்கா வந்தார். ரெண்டாவது மீனும் போயிடுச்சாமே என்று கேட்டார். ஆமாங்கக்கா என்றேன். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டே அவர் சொன்னார்:

"அது என்னமோ தங்கச்சி, ஒன் வூட்ல புதுசா வர்ற உசுரு தங்க மாட்டேங்குது."

கெட்ட எண்ணத்தில் சொன்னார் என்று இன்றைக்கும் நான் நினைக்கவில்லை. அவர் வாய் அப்படி. ஆனால் அதற்கு முன் எனக்கு இரண்டு முறை ஐந்தாம் மாதத்தில் கலைந்திருந்தது. இரண்டாவது முறை பெரம்பலூரில் என் அம்மா வீட்டில் மூன்று மாதம் கிடந்துவிட்டு வந்திருந்தேன். அது வரிசை வீடு முழுவதுக்கும் தெரியும். குழாயடியில் ஆறு பேர் நின்றார்கள். குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

அந்த வார்த்தையோடு போயிருந்தால்கூட மறந்திருப்பேன். அக்காவின் மூத்த மகள் அப்போது தலைப்பிள்ளை உண்டாகி, மசக்கைக்கு அம்மா வீட்டில் வந்து தங்கியிருந்தாள். வந்த புதிதில் தினமும் எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்து மீன் பார்ப்பாள். அதற்கப்புறம் வரவில்லை. வாசலில் நின்றால்கூட, "உள்ள வா, காத்து கருப்பு அடிக்கும்" என்று அக்கா கூப்பிட்டுக்கொள்வார். எந்த வீட்டுக் காற்று என்று எனக்குப் புரியாதா?

அன்று சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு இவரிடம் சொன்னேன். "இன்னும் ஒரே ஒரு மீனுங்க. அதுவும் போச்சுன்னா பட்டைச்சாமிய அதே ராமேஸ்வரம் வண்டில ஏத்தி கடலுக்கே அனுப்பிருங்க. என்னால அந்தப் பேச்சக் கேட்டுக்கிட்டு இருக்க முடியாது."

அவர் தொட்டியைப் பார்த்தபடியே நின்றார். டூட்டி முடிந்து வந்து அரை மணி நேரம் அதன் முன்னால் உட்காருவதுதான் அவருக்கிருந்த ஒரே சுகம். "சரி" என்றார். மூன்றாவது மீன் பிழைக்க வேண்டும் என்று பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டேன்.

கார்த்திகை கடைசி. ஒரு நாள் வத்தக்குழம்பு வைத்திருந்தேன். கூட்ஸ் வண்டி தாமதம் என்று இவர் வரவே இல்லை. வருவார் வருவார் என்று மூன்று தரம் சூடு பண்ணினேன். வந்து ஒரு வாய் வைத்தவர் முகத்தைச் சுளித்தார்.

"உப்ப ரெண்டு தடவ போட்டுட்டியா?"

"ஒரு தடவதாங்க போட்டேன்."

"கரிக்குது."

சட்டியைப் பார்த்தேன். பாதிக்குச் சுண்டியிருந்தது. போட்ட உப்பு அப்படியே இருக்கிறது, தண்ணீர்தான் போய்விட்டது. இது எந்தப் பெண்ணுக்கும் தெரிந்த விஷயம்தான். கொஞ்சம் வெந்நீர் ஊற்றினால் சரியாகிவிடும். வெந்நீர்ச் சொம்பை எடுக்கப் போனவள் முன்னறைத் தொட்டியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். தொட்டியின் விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருந்தது. வாரா வாரம் அதை ஈரத்துணியால் துடைக்கிறேன், கண்ணாடிக்கு வைத்த பூச்சு உதிர்கிறது என்று நினைத்துக்கொண்டு. ஊறுகாய் ஜாடி வாயில் பூக்கிற உப்பு மாதிரி அது இருப்பது அப்போதுதான் கண்ணில் பட்டது.

வெயிலில் தண்ணீர் மட்டும் ஆவியாகப் போகிறது. உப்பு உள்ளேயே தங்குகிறது. குறைந்த இடத்துக்கு மறுபடி உப்புத் தண்ணீரையே ஊற்றுகிறேன். எட்டு மாதமாகக் குழம்பைச் சுண்டவைத்துச் சுண்டவைத்து மேலும் மேலும் உப்பு போட்டிருக்கிறேன், தீர்த்தம் என்ற பேரில்.

நிச்சயப்படுத்திக்கொள்ள ஒரே வழிதான் இருந்தது. வாயில் வைத்துப் பார்க்க வேண்டும். கேனில் இருக்கிற தீர்த்தம் பரவாயில்லை. தொட்டித் தண்ணீர் மீன் நீந்துகிற தண்ணீர், கூனிப்பொடி விழுகிற தண்ணீர். டப்பாவைக்கூட வீட்டுக்குள் சேர்க்காதவள் நான். இவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். "முருகா, மன்னிச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு முதலில் கேன் தண்ணீரில் விரலைத் தோய்த்து நாக்கில் வைத்தேன். துப்பினேன். பிறகு தொட்டித் தண்ணீர்.

நாக்கு சுருக்கென்று இழுத்துக்கொண்டது. கேனில் இருந்தது உப்பு. தொட்டியில் இருந்தது கசப்பு.

"பட்டைச்சாமி கொல்லலைங்க" என்றேன். "நான்தான்."

இவருக்கு முதலில் விளங்கவில்லை. "அப்ப இது மட்டும் எப்புடி இருக்கு?" என்று கேட்டார்.

"இது கொஞ்சம் கொஞ்சமா பழகிக்கிச்சு. வந்ததுங்க கடல்லேர்ந்து நேரா வந்து இதுல விழுந்துச்சு. முதல் மீனு ஓடக்கூட தெம்பில்லாம நின்னுச்சே, ஞாபகம் இருக்கா? அதான் அவ்ளோ அடிபட்டுச்சு."

"அதுக்கு?"

"கிணத்துத் தண்ணி ஊத்தணும்."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நீயா சொல்ற? தீர்த்தத்துல கிணத்துத் தண்ணியா?"

"கடல்ல மழ பேயலையா? ஆறெல்லாம் அங்கதான போயி விழுவுது. வேணான்னு சேதுக்கரைல சாமி சொல்லுச்சா?"

அவர் குழம்புச் சட்டியை என் பக்கம் தள்ளினார். "முதல்ல இதுல ஊத்து, எனக்குப் பசிக்குது" என்றார்.

மார்கழி பிறந்தது. விடியற்காலை வாசலில் கோலம் போட்டு, கோயிலுக்குப் போய்வந்து, குளிர்ந்த கையோடு முதல் வேலை அதுதான். தொட்டியிலிருந்து ஒரு சொம்பு எடுத்து வெளியே ஊற்றுவேன். குவார்ட்டர்ஸ் கிணற்றுத் தண்ணீர் ஒரு சொம்பு உள்ளே ஊற்றுவேன். ஒரே ஒரு சொம்பு, அதற்கு மேல் இல்லை. எட்டு மாதத்தில் ஏறியதை ஒரே நாளில் இறக்கினால் பட்டைச்சாமிக்கு ஆகுமா? செவ்வாய்க்குச் செவ்வாய் கேன் தண்ணீரையும் தொட்டித் தண்ணீரையும் நாக்கில் வைத்துப் பார்ப்பேன். மார்கழி முடிய நாலு நாள் இருக்கும்போது எது கேன், எது தொட்டி என்று எனக்கே வித்தியாசம் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு இவரைக் கொடுக்கச் சொல்லியும் பார்த்துவிட்டேன்.

இதற்கிடையில் மண்டபத்துப் போர்ட்டர் நண்பரிடமிருந்து கடிதம் வந்தது. மீனவர்களிடம் இப்போது மூன்று வகை சின்ன மீன் இருக்கிறதாம், எது வேண்டும் என்று கேட்டிருந்தார். ஒன்று தட்டையாக, தங்கம் போல் மஞ்சள், மூக்கு நீண்டது. ஒன்று நல்ல சிவப்பு, பெரிய கண். மூன்றாவது மணல் நிறத்தில் விரல் நீளம், உளுவை. அதைப் பற்றி ஒரே வரிதான் எழுதியிருந்தார்: பார்க்க ஒன்றும் இல்லை.

இவர் சட்டென்று, "மஞ்ச மீனு" என்றார். "தொட்டிக்கே ஒரு வெளிச்சம் வந்துரும்."

"இருங்க" என்றேன். "ரெண்டு தடவ அழகப் பாத்து வாங்கினோம். இந்தத் தடவ கேட்டு வாங்கலாம். ஒரு கார்டு எழுதுங்க, நான் சொல்றேன்."

நான் மூன்று கேள்வி சொன்னேன், அவர் எழுதினார். எது என்ன தின்னும்? எது எங்கே படுக்கும்? எதற்கு வாய் பெரியது?

"பொண்ணு பாக்கப் போன எடத்துல கேக்கற மாதிரி இருக்கு" என்றார் இவர் எழுதிக்கொண்டே.

"என்னைப் பாக்க வந்தப்ப உங்க அம்மா இதுக்கு மேல கேட்டாங்க. பல்ல எண்ணாததுதான் பாக்கி."

அந்தக் கேள்விகள் எனக்கு எங்கிருந்து வந்தன என்று சொல்கிறேன். கல்யாணமான புதிதில் குன்னத்தில் மாமியார் வீட்டில் இரண்டு வருஷம் இருந்தேன். ஒரு சமையல்கட்டு, என் ஓரகத்தி, நான். அவரும் நல்லவர், நானும் கெட்டவள் இல்லை. ஆனால் தினம் சண்டை. இரண்டு பேருக்கும் அதே அடுப்பு, அதே நேரம், அதே அம்மிக்கல் வேண்டியிருந்தது. ஒரு அறுவடைக் காலத்தில் நான் காட்டு வேலைக்குச் சாப்பாடு கட்டுகிற பொறுப்பை எடுத்துக்கொண்டேன். அவர் அடுப்படிக்கு வருவதற்குள் என் வேலை முடிந்துவிடும். அவர் நிற்கிற நேரத்தில் நான் களத்தில் இருப்பேன். அப்புறம் எங்களுக்குள் ஒரு வார்த்தை வந்ததில்லை. குணம் மாறவில்லை, நிற்கிற இடம்தான் மாறியது.

பதில் கார்டு வந்தது. மஞ்சள் மீன் கடலில் பாறைப் பூச்சியைக் கொறித்துத் தின்பது, பொடி தின்னாது, பட்டினியில் போய்விடும் என்று மீனவர் சொல்கிறாராம். சிவப்பு மீனுக்கு வாய் பெரியது, வளர்ந்தால் பட்டை மீனையே விழுங்கப் பார்க்கும். உளுவை மணலில்தான் கிடக்கும், கல்லுக்கடியில் பள்ளம் பறித்துப் படுக்கும், மேலேயிருந்து விழுகிற எதையும் பொறுக்கித் தின்னும், மேலே ஏறி வரவே வராது.

பட்டைச்சாமி தண்ணீரின் நடுவில் திரிகிறவர். மணலில் விழுந்த பொடியைத் தொடமாட்டார். அது அழுகிக் கிடப்பதை நான்தான் கரண்டியால் அள்ளிக்கொண்டிருந்தேன்.

"உளுவை" என்றேன்.

"கார்டுல பாக்க ஒண்ணும் இல்லன்னு போட்ருக்காரே" என்றார் இவர், பாவம், கடைசி முயற்சியாக.

"என்னையும் அப்புடித்தான் யாரோ சொல்லிருப்பாங்க. குடித்தனம் நடக்கலையா?"

போகியன்று காலை வண்டிக்கு மீன் வருவதாக ஏற்பாடு. போகிக்கு வீட்டில் ஒரு சாமானும் அதனதன் இடத்தில் இருக்காது. பரணிலிருந்து பானை இறங்கும், பெட்டி வாசலுக்குப் போகும், சுவருக்கு வெள்ளை அடிப்போம். அன்று வீட்டில் யாருக்கும் தன் இடம் என்று ஒன்று கிடையாது. எங்கே நிழல் இருக்கிறதோ அங்கே உட்கார்ந்து சாப்பிடுவோம். கையில் வெள்ளை அடிக்கிற நார்ப்பட்டையோடு நின்றுகொண்டிருந்தபோது எனக்குத் தொட்டியும் கண்ணில் பட்டது. நடுவில் இருந்த ஒரு கல்லைத்தான் பட்டைச்சாமி தன்னுடையது என்று காவல் காத்துக்கொண்டிருந்தது. அதை வைத்துத்தானே சண்டை.

கையைக் கழுவிக்கொண்டு எல்லாக் கல்லையும் எடுத்தேன். கூடவே இவர் ரயில்பாதை ஓரத்துப் பள்ளத்திலிருந்து பொறுக்கி வந்திருந்த நாலு கல்லையும் சேர்த்தேன். எங்கள் ஊர்ச் சுண்ணாம்புக் கல்லில் நத்தையும் சிப்பியும் அப்படியே பதிந்திருக்கும். ஒரு காலத்தில் இங்கே கடல் இருந்தது, அந்தக் கடல் சிப்பி இது என்று ஸ்டேஷன் மாஸ்டர் சொல்லியிருந்தார். கடலில் கிடந்த கல்தானே, மறுபடி கடலுக்குப் போகட்டும். நன்றாகத் தேய்த்துக் கழுவி, இரண்டு ஓரத்தில் குகை மாதிரி அடுக்கினேன். நடுவைக் காலியாக விட்டேன். பட்டைச்சாமி திருவிழாவில் பிள்ளையைத் தொலைத்தவர் மாதிரி அங்கும் இங்கும் சுற்றியது.

கேன் வந்தது. எட்டிப் பார்த்தேன். நிஜமாகவே பார்க்க ஒன்றும் இல்லை. மணலுக்கு இரண்டு கண் வைத்தது போல் ஒரு மீன்.

நேராக விடவில்லை. இரண்டு தண்ணீருக்கும் உப்பு ஒன்றுதான் என்றாலும், வந்த உயிருக்குப் பழக நேரம் கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. அக்கினி வெயிலில் சிவன் கோயிலில் லிங்கத்துக்கு மேல் ஒரு பாத்திரம் தொங்கும். அதிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கும். அதே மாதிரி செய்தேன். மீனைக் கேன் தண்ணீரோடு ஒரு வாளியில் விட்டேன். மேலே முக்காலியில் தொட்டித் தண்ணீர் ஒரு சொம்பு வைத்து, விளக்குத் திரியை நனைத்து ஒரு முனையைச் சொம்புக்குள்ளும் மறுமுனையை வாளிக்கு மேலும் தொங்கவிட்டேன். சொட்டுச் சொட்டாக இறங்கியது. அது முடியும் வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்து எனக்குத் தெரிந்த பதிகத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். வெள்ளை அடித்தது பாதியில் நின்றது. இவர் நார்ப்பட்டையை எடுத்து மீதிச் சுவரைத் தானே அடித்தார்.

மத்தியானம் விட்டோம். பட்டைச்சாமி பாய்ந்தது. உளுவை ஓடவில்லை. மணலில் பொத்தென்று உட்கார்ந்து, வாயால் மணலை அள்ளித் துப்பித் துப்பி, சிப்பிக் கல்லுக்கு அடியில் ஒரு பள்ளம் பறித்து உள்ளே போய்விட்டது. பட்டைச்சாமி கல்லை இரண்டு முட்டு முட்டியது. அதுவும் அதன் கல் இல்லை. எதைக் காப்பது என்று தெரியாமல் மேலே போய்விட்டது.

மறுநாள் பொங்கல். பானை பொங்கியதும் முதலில் தொட்டியைத்தான் போய்ப் பார்த்தேன். கல்லுக்கு அடியிலிருந்து இரண்டு கண் தெரிந்தது.

குழாயடியில் அக்கா கேட்டார். "என்ன தங்கச்சி, மூணாவது ஆளு வந்துட்டாராமே."

"இருக்குங்கக்கா."

மூன்றாம் நாள். "இன்னிக்கி?"

"இருக்கு."

ஐந்தாம் நாள் அவர் கேட்கவில்லை. நானே சொன்னேன், "இருக்குங்கக்கா." குழாயடியில் யாரோ சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். "நானு கேக்கலையே."

"நீங்க கேக்க மறந்துட்டீங்க போல."

பத்தாம் நாள் பட்டைச்சாமிக்குப் போட்ட பொடியில் மிச்சம் மணலுக்கு இறங்கியது. உளுவை பள்ளத்திலிருந்து வெளியே வந்து, அதற்கு நேர் கீழே உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் பொறுக்கியது. மேலே இருந்தவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. இவர் டூட்டி உடுப்போடு நின்று பார்த்தார். "ஏம்மா, ரெண்டும் ஒரே பந்தில சாப்புடுது" என்றார். தைப்பூசத்தன்று பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். ஒன்று நேர்ந்திருந்தேன், இரண்டு உடைத்தேன்.

மண்டபத்து நண்பர் மாசியில் ஒரு கல்யாணத்துக்கு வந்த வழியில் இறங்கி, வீட்டுக்கு வந்தார். எங்கள் ஊரிலேயே இத்தனை நாள் தொட்டியில் வைத்தவர்கள் குறைவு, நீங்கள் எப்படிச் செய்தீர்கள் என்று இவரைக் கேட்டார். இவர் காபியை வாங்கிக்கொண்டே, "என்னைக் கேக்காதீங்க, அவளக் கேளுங்க" என்றார். வேற்று ஆள் முன்னால் அவர் என்னை அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. நான் உப்பைப் பற்றிச் சொன்னேன். அவர் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

பங்குனியில் அக்கா மகளுக்கு ஆண் பிள்ளை பிறந்தது. முப்பது நாள் முடிந்த மறுநாள் காலை, நான் குறைந்த தொட்டிக்குக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். வாசலில் அக்கா நின்றார். கையில் துணியில் சுற்றிய பிள்ளை. பின்னால் மகள். நான் சொம்போடு திரும்பினேன்.

"மீனு இருக்கா?" என்றார் அக்கா.

"இருக்குங்கக்கா. ரெண்டும்."

"அதான், புள்ளைக்குக் காட்டலாமுன்னு" என்று உள்ளே வந்தார். நிலைப்படி தாண்டும்போது ஆணியில் தொங்கிய டப்பாவைத் தட்டிப் பார்த்தார். "கூனிப்பொடி தீரப்போவுதே. இனிமே ரெண்டு பேருக்கில்ல இடிக்கணும்."

நான் ஈரக் கையை முந்தானையில் துடைத்தேன். உட்காரு என்றார். உட்கார்ந்தேன். பிள்ளையை என் மடியில் வைத்தார். வைத்துவிட்டு உடனே எடுத்துக்கொள்ளவில்லை. தொட்டிக்குப் போய்க் குனிந்து, "எங்கடா ஒளிஞ்சிருக்க, பாக்க ஒண்ணும் இல்லாதவனே" என்று உளுவையைத் தேட ஆரம்பித்துவிட்டார். மகள் என் பக்கத்தில் வந்து, வழக்கமாக உட்காருகிற இடத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

எங்களுக்குக் கடைசிவரை பிள்ளை இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன், மீன் வந்த ராசி என்று யாரும் கதை கட்டிவிட வேண்டாம். முருகன் எனக்குக் கொடுக்காததற்கு அவனுக்கு ஒரு கணக்கு இருக்கும். ஆனால் அதற்குப் பிறகு அந்த வரிசையில் பிறந்த குழந்தைகளில் முப்பதாம் நாள் முடிந்து எங்கள் வீட்டுத் தொட்டியைப் பார்க்காத குழந்தை கிடையாது. அது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. பிள்ளையைத் தூக்கி வருவார்கள், நான் மடியில் வாங்கிக்கொள்வேன், கல்லுக்கடியில் இரண்டு கண் தெரிகிற வரைக்கும் எல்லோரும் காத்திருப்போம்.